ஸ்பர்ஜனுக்கு மனச்சோர்வு வரவில்லையா?

"ஜெபம் குறைந்த போதகருக்குத்தான் மனச்சோர்வு வரும், ஸ்பர்ஜன் போன்றவர்களை அது தொட்டதே இல்லை" என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். இது தவறு, ஐயா. ஸ்பர்ஜன் 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் பேர்பெற்ற பாப்டிஸ்ட் போதகர்.

1856 அக்டோபர் 19. லண்டனின் சர்ரே தோட்ட இசை அரங்கில் ஸ்பர்ஜன் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ "நெருப்பு!" என்று கத்திவிட்டார்கள். நெருப்பே இல்லை. ஆனாலும் அந்த நெரிசலில் ஏழு பேர் செத்தார்கள். அவருக்கு அப்போது 22 வயது. வீட்டில் ஒரு மாதக் கைக்குழந்தைகள், இரட்டையர். சில நாட்கள் பிரசங்க மேடை ஏற முடியாமல் உடைந்துபோனார். அந்தக் காயம் முழுசாக ஆறவேயில்லை. அப்புறம் கீல்வாதம், மனைவியின் நீண்ட நோய். ஊழியத்துக்குப் படித்த மாணவர்களுக்கு அவர் எடுத்த பாடங்களில் ஒன்று முழுக்க போதகரின் மனச்சோர்வைப் பற்றியதுதான். தனக்கும் அது உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

சரி, வேதத்துக்கே வருவோம். சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொண்டானா? தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான்.

எங்கள் போதகர் ஒரே வாரத்தில் இரண்டு அடக்க ஆராதனை நடத்திவிட்டு, சனிக்கிழமை ராத்திரி பிரசங்கக் குறிப்பின் மேல் தலை சாய்த்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் போய் "ஜெபம் போதாது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் போதகர் சோர்ந்திருந்தால் ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோங்கள். தூக்கம் கெட்டிருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.