என் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

கோவை பீளமேடு ஏர்போர்ட்டுக்கு, முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் டிஜி யாத்ரா வந்ததிலிருந்து எங்கள் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் ஒரே விவாதம் திரும்பத் திரும்ப வருகிறது. முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிறது, வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம், இதில் என்ன தப்பு என்று ஒரு கட்சி. முகத்தை யாரோ ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் புலம்பாதே என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நண்பர்கள்தான். கோவை, திருப்பூர், ஈரோட்டுத் தொழில்காரர்கள், அடிக்கடி விமானம் ஏறுகிறவர்கள். கதவு திறப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்கள். திறக்காமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது என்று மட்டும் ஒருவரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புச் சோதனைக்கு எதிராக நான் எழுதவில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் செத்தார்கள். அந்த நாட்களில் இந்த ஊரில் இருந்த எவருக்கும் பையைத் திறந்து காட்டுவது அவமானமாகத் தோன்றாது. அடுத்த வருடம் டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்துகொண்டிருந்த ஐ.சி. 814 விமானத்தைக் கடத்திக் கந்தகாருக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகுதான், 2000-இல் ஜெய்ப்பூரில் தொடங்கி, மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை ஒவ்வொரு விமான நிலையமாகப் பொறுப்பேற்றது. விடியற்காலை விமானத்துக்குத் தூக்கக் கலக்கத்தோடு போய் நிற்கும்போது, நமக்கு முன்னாலேயே விழித்து நின்று சோதனை போடும் அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அந்தச் சோதனையில் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லாம் நம் கண் முன்னால் நடக்கிறது. துணியின் எடை பார்க்கும் ஜி.எஸ்.எம். கட்டரைக் கைப்பையில் மறந்து வைத்துவிட்டு மாட்டிக்கொள்ளும் திருப்பூர் மெர்ச்சண்டைசருக்கு, அதில் பிளேடு இருக்கிறது, பெரிய பெட்டியில் போட்டிருக்க வேண்டும் என்று காரணம் சொல்கிறார்கள். பொள்ளாச்சியிலிருந்து மகள் வீட்டுக்குக் கொப்பரை கட்டிக்கொண்டு வரும் பெரியவருக்கு, அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்பதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அந்த விதி எழுத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கேள்வி கேட்கலாம், மாற்றச் சொல்லலாம். மாற்றியும் இருக்கிறார்கள். 2024 அக்டோபரில், சபரிமலை பக்தர்கள் இருமுடித் தேங்காயைக் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோக 2025 ஜனவரி 20 வரை அனுமதி தந்தார்கள். எக்ஸ்ரேயும் உண்டு, வெடிமருந்துச் சோதனையும் உண்டு, தேங்காயும் போனது. 2001 டிசம்பரில் ஒருவன் ஷூவுக்குள் வெடிமருந்து வைத்து அமெரிக்க விமானத்தில் ஏறினான். அதன் விளைவாக வந்த ஷூ கழற்றும் விதியை அமெரிக்கா 2025 ஜூலையில் எடுத்துவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற விதி என்றால் காலப்போக்கில் திருந்துகிறது.

பட்டியல் அப்படி இல்லை. அது நம் கண் முன்னால் இல்லை.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு முன்னால், விமானம் ஏறத் தடை செய்யப்பட்டோர் பட்டியலில் 16 பேர் இருந்தார்கள். 2023 ஜனவரியில், ஒரு சிறிய விமானக் கம்பெனியின் சர்வரில் பூட்டில்லாமல் கிடந்த அந்தப் பட்டியலின் 2019-ஆம் ஆண்டுப் பிரதியை ஒருவர் கண்டெடுத்தபோது, அதில் சுமார் 15 லட்சம் பதிவுகள் இருந்தன. ஒரே ஆளின் பெயரைப் பல எழுத்துக்கூட்டில் எழுதியதும் அதில் சேர்த்தி. 2004-இல் செனட்டர் எட்வர்டு கென்னடியையே பெயர் ஒத்துப்போகிறது என்று பலமுறை நிறுத்தினார்கள். நெல்சன் மண்டேலா 2008 வரை அமெரிக்கக் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தார். தனியாக ஒரு சட்டம் போட்டுத்தான் அந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். இவர்கள் பெரிய மனிதர்கள். இவர்களுக்காகப் பேச ஆள் இருந்தது.

ரஹினா இப்ராஹிம் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலேசியப் பெண், ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவி. 2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குப் போகிறார். அறுவை சிகிச்சை முடிந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். அவருக்குக் கைவிலங்கு போட்டு அழைத்துப் போனார்கள். மறுநாள் ஊருக்கு விமானம் ஏற விட்டார்கள். அதன்பின் அவருடைய விசாவை ரத்து செய்தார்கள், திரும்ப அமெரிக்காவுக்குள் வர முடியவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. வழக்குப் போட்டார். அரசாங்கம் இது ரகசியம், அது ரகசியம் என்று ஒவ்வொரு படியிலும் மறித்தது. சாட்சி சொல்லக் கிளம்பிய அவருடைய மகள், அமெரிக்கக் குடிமகள், அவரையும் விமானம் ஏற விடவில்லை. 2014-இல் நீதிபதி வில்லியம் ஆல்சப் தீர்ப்பில் உண்மை வெளியே வந்தது. 2004-இல் ஒரு எஃப்.பி.ஐ. அதிகாரி படிவம் நிரப்பும்போது, எந்தப் பட்டியல்களில் சேர்க்க வேண்டாம் என்று குறிக்க வேண்டிய கட்டங்களைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு டிக் அடித்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு பேனாக் கீற்று, அதைக் கண்டுபிடிக்க எட்டு வருட வழக்கு.

தப்பு யார் கையிலும் நடக்கும், அந்த அதிகாரியை நான் திட்டவில்லை. ஆரம்பத்திலேயே "உங்கள் பெயர் இந்தக் காரணத்துக்காக இந்தப் பட்டியலில் இருக்கிறது" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால், ஒரு வாரத்தில் திருத்தியிருக்கலாம். ரகசியம் அங்கே யாரைக் காப்பாற்றியது? அந்தத் தப்பைத்தான் காப்பாற்றியது.

இது நம்மைத் தொடாது என்று நினைக்க வேண்டாம். கணினி பெயரை வைத்து ஆளைத் தேடும்போது நம் பெயர்களுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் எத்தனை பழனிசாமி, எத்தனை சுப்பிரமணியம், எத்தனை கந்தசாமி! ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் நாம் தோட்டத்தின் பெயரை வைத்தோ கடையின் பெயரை வைத்தோ பிரித்துக்கொள்கிறோம். பாஸ்போர்ட்டில் அதெல்லாம் இல்லை. இன்ஷியல் ஒரு ஆவணத்தில் முன்னால், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயராக விரிந்து நிற்கும். ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான மூன்று எழுத்துகளை அடிக்கிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் வர முடியாது என்று அறிவித்தது. குடும்பப் பெயர் வைக்காமல் வாழும் நம்மைப் போன்ற சமூகத்துக்கு, பெயரை வைத்து ஆளை ஒப்பிடும் எந்த ஏற்பாடும் மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்து.

சரி, இந்தியாவுக்கு வருவோம். நம் ஊரில் இதன் பெயர் லுக் அவுட் நோட்டீஸ். பேப்பரில் படித்திருப்பீர்கள், பெரிய மோசடிக்காரர்களுக்கு என்று. எனக்குத் தெரிந்த ஒரு பனியன் கம்பெனி முதலாளிக்கு அது வந்தது. மச்சானுடைய சாயப்பட்டறைக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். நம் பக்கம் உறவுக்குள் அதை மறுக்க முடியுமா? கொரோனாவுக்குப் பிறகு மச்சான் தவணை கட்டவில்லை. இவர் தன்னிடம் சரக்கு வாங்கும் பையரைப் பார்க்க ஜெர்மனி கிளம்பினார். குடியேற்றச் சோதனையில் நிறுத்தினார்கள்.

"எதுக்குங்க சார் நிறுத்தறீங்க?"

"நீங்க போக முடியாதுங்க. நோட்டீஸ் இருக்குது."

"யார் குடுத்தாங்கன்னாவது சொல்லுங்க. நான் ஓடிப்போற ஆளில்லைங்க, அடுத்த வாரம் திரும்பி வர்றேன். டிக்கெட் பாருங்க."

"எங்களுக்கு அதெல்லாம் தெரியாதுங்க சார்."

அந்த அதிகாரி சொன்னது பொய்யில்லை. ஒரு துறையோ வங்கியோ கேட்கிறது, குடியேற்றப் பிரிவு பதிவு செய்கிறது, கவுண்டரில் இருப்பவர் நிறைவேற்றுகிறார். அவரால் எடுக்கவும் முடியாது, விளக்கவும் முடியாது. அந்த ஆர்டர் கைவிட்டுப் போனது. அந்த மனிதர் மேல் எந்தக் குற்ற வழக்கும் கிடையாது.

இந்த அதிகாரம் வங்கிகளுக்கு வந்த வரலாற்றைப் பாருங்கள். விஜய் மல்லையா பெயரில் 2015 அக்டோபரில், வெளியேறினால் தடுத்து நிறுத்து என்று நோட்டீஸ் போட்டார்கள். அடுத்த மாதமே அதைத் தகவல் மட்டும் சொல் என்று தளர்த்தினார்கள். 2016 மார்ச் 2-ஆம் தேதி அவர் சாதாரணமாகப் போய்விட்டார். 2018 தொடக்கத்தில் நீரவ் மோடியும் நாட்டைவிட்டுப் போனார். அந்த வருட அக்டோபரில், பொதுத்துறை வங்கித் தலைவர்களும் இந்த நோட்டீஸைக் கேட்டு வாங்கலாம் என்று விதியை விரித்தார்கள். பெரிய மீன்கள் போன பிறகு பின்னிய வலையில் ஜாமீன் போட்டவர்கள் விழுந்தார்கள். 2024 ஏப்ரல் 23-இல் மும்பை உயர் நீதிமன்றம், வங்கிகளுக்கு இந்த அதிகாரம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வெளிநாடு போவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமை என்று 1978-இல் மேனகா காந்தி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2015-இல் லண்டன் கிளம்பிய கிரீன்பீஸ் ஊழியர் பிரியா பிள்ளையை டெல்லியில் இறக்கிவிட்டார்கள், இரண்டே மாதத்தில் உயர் நீதிமன்றம் அந்த நோட்டீஸை ரத்து செய்தது. நீதிமன்றம் போனவர்களுக்கு நியாயம் கிடைக்கிறது. போக வசதியில்லாதவர்கள் எத்தனை பேரோ.

காரணம் சொன்னால் குற்றவாளி தப்பிவிடுவான் என்பார்கள். உண்மையான பயங்கரவாத வழக்குகளில் அது சரி, முன்கூட்டிச் சொல்ல முடியாதுதான். ஆனால் நிறுத்திய பிறகு? விமானம் போய்விட்டது, ஆள் முன்னால் நிற்கிறார். அப்போதும் ஏன் சொல்லக்கூடாது?

சொல்ல முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2017-இல் ஒரு எம்.பி. ஏர் இந்தியா ஊழியரைச் செருப்பால் அடித்த பிறகு, ரகளை செய்யும் பயணிகளுக்குத் தடைப் பட்டியல் கொண்டுவந்தார்கள். அதற்கு முறையாக ஒரு கமிட்டி இருக்கிறது. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை, குறித்த கெடுவுக்குள் முடிவு, வாய்ச்சண்டைக்கு 3 மாதம் வரை, கைகலப்புக்கு 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்து விளைவித்தால் குறைந்தது 2 வருடம் என்று அளவு. மேல்முறையீட்டுக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. அடித்துப் புரண்டவனுக்கு இவ்வளவு நடைமுறை இருக்கிறது.

கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று மதிப்பெண் போடும் சிபில் ஸ்கோரை எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். தப்பு என்று புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒரு லோனுக்கு இந்த உரிமை இருக்கிறது. ஒரு மனிதனின் பயணத்துக்கு இல்லை.

இப்போது டிஜி யாத்ராவுக்கு வருகிறேன். அது தடைப் பட்டியல் இல்லை, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கி, 2024 செப்டம்பரில் கோவைக்கு வந்தது. விருப்பம் இருந்தால் மட்டும் சேரலாம், விமான நிலையத்துக்குப் போகும் தகவல் பயணம் முடிந்து 24 மணி நேரத்தில் அழிக்கப்படும் என்கிறார்கள். நல்லது. ஆனால் நடத்துவது அரசுத் துறை இல்லை. விமான நிலையங்களின் கூட்டில் உருவான ஒரு நிறுவனம், அதில் இந்திய விமான நிலைய ஆணையத்துக்கு 26 சதவீதப் பங்கு. அதனால் தகவல் உரிமைச் சட்டத்தில் அதனிடம் நேரடியாகக் கேள்வி கேட்க வழியில்லை என்பது அரசுத் தரப்பின் நிலை. எனக்குப் பிடிக்காதது அந்த இடம்தான். அழித்தீர்களா என்று கேட்க முடியாத இடத்தில் அழிப்போம் என்ற வாக்குறுதியை வைத்து நான் என்ன செய்வது?

"ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம்" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ரஹினாவுக்கும் ஒளிக்க ஒன்றும் இல்லை தம்பி. அப்புறம், 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே வெளியாட்கள் புகுந்துவிட்டார்கள். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்ற முடியாது.

கோவை விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் எடுத்துக் கொடுத்தாயிற்று. புதிய முனையம் வரும், வர வேண்டும், நாம் வருடக்கணக்கில் கேட்டதுதான். தொழில் அமைப்புகள் டெல்லிக்கு மனு கொண்டுபோகும்போது கூடுதல் விமானமும் நீளமான ஓடுபாதையும் கேட்கிறார்கள். அதே மனுவில் இன்னும் சில வரிகள் சேர்க்கச் சொல்கிறேன். நிறுத்தப்படும் பயணிக்கு, நிறுத்தச் சொன்னது யார், எந்தத் தேதி, எந்த வகைக் காரணம் என்று எழுத்தில் ஒரு தாள் அங்கேயே தர வேண்டும். தப்பு என்றால் முறையிட, பெயரும் போன் நம்பரும் உள்ள ஒரு அதிகாரி வேண்டும், 30 நாள் கெடு வேண்டும். முகம் காட்ட விரும்பாதவர்களுக்கான சாதாரண வரிசையில் ஆள் குறைக்கக் கூடாது. மூன்றுமே சட்ட நிபுணர் இல்லாமல் எழுதக்கூடிய வரிகள். சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் அண்ணன்கள் இந்தப் பதிவைப் படித்தால், அடுத்த கூட்டத்தில் எடுத்து வையுங்கள். மனுவைத் தயார் செய்ய ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன்.