அர்த்தத் தாளை மடித்து வைத்த பிறகு

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு மதுக்கடையின் மாடி அறை. நாற்பது நாற்காலி போட்டால் நடக்க இடமிருக்காது. போன வெள்ளிக்கிழமை மாலை அங்கே நாட்டுப்புறப் பாட்டும் ஸ்காட்ஸ் கவிதையும். மைக் கிடையாது. ஒரு ஃபிடில், ஒரு அக்கார்டியன், முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் சின்ன பைப். பெரிய பேக்பைப்பை அந்த அறைக்குள் ஊதினால் காது போய்விடும். இது பக்கத்து நாற்காலிக்காரர் பேசுகிற சத்தம்தான்.

வாசலிலேயே ஒரு தாள் கொடுத்தார்கள். ஒவ்வொரு கவிதைக்கும் ஆங்கிலத்தில் பொருள். நல்ல எண்ணம்தான், ஆனால் எனக்கு எரிச்சல் வந்ததும் அதில்தான். முதல் கவிதை முடியும்வரை அத்தனை தலையும் குனிந்தே இருந்தது. பரீட்சை ஹால் தோற்றது.

ஸ்காட்ஸ் வேறு, ஸ்காட்லாந்தின் இன்னொரு பழைய மொழியான கேலிக் வேறு. ஸ்காட்ஸ் ஆங்கிலத்தோடு கூடப் பிறந்த மொழி. அதனாலேயே கொச்சை ஆங்கிலம் என்று ஒதுக்கினார்கள். 2011 கணக்கெடுப்பில் சுமார் 15 லட்சம் பேர் இதைப் பேசுவதாகப் பதிந்திருக்கிறார்கள். அந்த மொழி தன் சொந்த ஊரில் பாட வரும்போதும் ஆங்கிலத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டுமா?

அடுத்து எழுந்தவர் ஸ்காட்லாந்தின் தேசியக் கவி ராபர்ட் பர்ன்ஸின் ‘டாம் ஓ ஷான்டர்’ என்ற கதைக்கவிதையைச் சொன்னார். 1790இல் எழுதியது, இருநூறு வரிக்கு மேல். அவர் கையில் காகிதமே இல்லை. சந்தை நாளில் மூக்கு முட்டக் குடித்துவிட்டு மழையில் குதிரையேறி வீடு திரும்புகிறான் டாம். பாழடைந்த அலோவே தேவாலயத்தில் சூனியக்காரிகள் ஆடுகிறார்கள், பைப் வாசிப்பது சாட்சாத் சாத்தான். குட்டை உள்ளாடைக்காரி ஒருத்தியின் ஆட்டத்தில் மயங்கி டாம் சபாஷ் போட்டுவிட, சட்டென்று விளக்கெல்லாம் அணைகிறது. அங்கிருந்து பாலம்வரை துரத்தல். ஓடும் தண்ணீரைப் பேய் தாண்டாதாம். சொன்னவர் குதிகாலால் மரத்தரையைத் தட்டத் தொடங்கினார், மெதுவாக, பிறகு வேகமாக. அறைக்குள்ளே குதிரை ஓடியது. டாம் தப்பினான், வால் போனது குதிரைக்கு.

தாளை மடித்து எப்போது சட்டைப்பையில் வைத்தேன் என்றே தெரியவில்லை. பாதி வார்த்தை புரியவில்லை, அதனால் ஒன்றும் குறையவில்லை. இரவை அவர் ‘நைட்’ என்று சொல்லவில்லை, ‘நிஃக்ட்’ என்றார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததோடு மறந்துபோன நம் ஆய்த எழுத்துக்கு இவ்வளவு தூரத்தில் வேலை இருக்கிறது பாருங்கள்.

அப்புறம் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு, வாத்தியம் எதுவுமில்லாமல் ஒரு பழைய கதைப்பாடல் பாடினார். 1950களில் நாட்டுப்புறப் பாட்டு சேகரித்த ஹேமிஷ் ஹெண்டர்சன் டேப் ரிகார்டரோடு பிளேர்கௌரி பெர்ரித் தோட்டங்களுக்குப் போய், பழம் பறிக்க வந்த நாடோடிக் குடும்பங்களிடம் பதிவு செய்துவந்த பாட்டுகள் இந்த வகைதான். பர்ன்ஸே கடைசிப் பத்தாண்டில் ஊர்ப் பாட்டுகளைச் சேகரித்து, விட்டுப்போன வரிகளைத் தானே எழுதி, ஜேம்ஸ் ஜான்சனின் தொகுப்புக்குக் காசு வாங்காமல் கொடுத்தவர். மெட்டு முன்னால், சொல் பின்னால். அதைத் தாளில் படித்துப் பொருள் பார்ப்பது குழம்பை விட்டுவிட்டுச் செய்முறையைச் சாப்பிடுவது மாதிரி.

இடைவேளையில் பக்கத்துப் பெரியவரிடம் தாளைப் பற்றிப் புலம்பினேன். சிரித்தார். சிறுவயதில் வாத்தியார் ஏதோ கேட்க, “ஐ டின்னா கென்” என்றாராம். தெரியாது என்பதை ஸ்காட்ஸில் சொன்ன குற்றத்துக்கு உள்ளங்கையில் தோல்வாரால் அடி. அதே பள்ளியில் ஜனவரி 25, பர்ன்ஸ் பிறந்தநாளன்று, அதே மொழியில் கவிதை ஒப்பித்ததற்குப் பரிசும் கொடுத்தார்களாம்.

கடைசியில் எல்லோரும் எழுந்து வட்டமாக நின்று, விடைபெறும்போது பாடும் ‘ஆல்ட் லாங் சைன்’. நான் ஆரம்பத்திலேயே கைகளைக் குறுக்கே போட்டு நீட்டினேன், டிவியில் பார்த்த பழக்கம். கடைசிச் செய்யுள் வரும்வரை குறுக்கே போடக்கூடாதாம். பெரியவர் பாடிக்கொண்டே என் புறங்கையில் பட்டென்று ஒரு அடி வைத்தார்.