17 வயதில் பிடிபட்டால் 25 வரை லைசென்ஸ் கிடையாது: இது நியாயமா?

சிறுவன் வண்டி ஓட்டி உயிர் போன செய்தி வரும்போதெல்லாம் ஒரே குரல்தான் எழுகிறது. "அப்பனைப் பிடித்து உள்ளே போடு, பையனுக்கு லைசென்ஸே கொடுக்காதே." அப்பனைப் பற்றிச் சொல்வதை முழு மனதோடு ஏற்கிறேன். பையனைப் பற்றிச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். 18 வயது நிரம்பாதவர் இந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்றால், அதை நிரூபிக்க வேண்டியது பெற்றோர்தான். வண்டியின் பதிவுச் சான்று (ஆர்.சி.) 12 மாதங்களுக்கு ரத்து. இதுவரை சரி. சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு "என் மகன் ஆறாம் வகுப்பிலேயே ஓட்டுவான்" என்று பெருமை பேசுகிறவர்களுக்கு இது வேண்டும்.

அடுத்த வரிதான் என்னை உறுத்துகிறது. அந்தச் சிறுவனுக்கு 25 வயது ஆகும்வரை பழகுநர் உரிமமும் கிடையாது, ஓட்டுநர் உரிமமும் கிடையாது. என்ன குற்றம், யாருக்கு என்ன ஆனது என்று இந்த வரி பார்ப்பதே இல்லை.

2024 மே மாதம் புணேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாக வழக்குப் பதிவான போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். 300 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொல்லி அவனுக்கு ஜாமீன் கிடைத்ததைக் கேட்டு நாடே கொதித்தது. அவனுக்கு 25 வயது வரை உரிமம் இல்லை என்று அம்மாநிலப் போக்குவரத்துத் துறை அறிவித்தது. சரிதான். ஆனால் கடைத்தெருவுக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்க அப்பாவின் டிவிஎஸ்ஸை எடுத்த பதினேழு வயதுப் பையனுக்கும் எழுத்தில் அதே தடைதான்! வசதியான வீட்டுப் பையன் டிரைவர் வைத்துக்கொள்வான். பிளஸ் டூ முடித்ததும் உணவு விநியோகத்துக்கோ டிராக்டர் ஓட்டவோ போக வேண்டியவன் ஏழு வருடம் என்ன செய்வான்? ஓட்டத்தான் செய்வான், உரிமம் இல்லாமல். தேர்வும் எழுதாமல், எட்டும் போட்டுக் காட்டாமல் நம் சாலைகளில் போவான். அவன் யாரையாவது இடித்தால், இழப்பீட்டின் சுமை கடைசியில் வண்டி உரிமையாளர் தலையில் விழலாம். யாருக்குப் பாதுகாப்பு இது?

இன்னொன்றும் நடக்கிறது. தண்டனை இவ்வளவு பெரிதாக இருப்பதால் அதைப் போடவே போலீஸாருக்குக் கை நடுங்குகிறது. பல இடங்களில் பெற்றோரை வரவழைத்து, எச்சரித்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். போலீஸ்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எதிரில் நிற்கிற பையனின் எட்டு வருடத்தை அவர் கையால் எழுதவேண்டியிருக்கிறது. விளைவு, பெற்றோரும் தப்பித்துவிடுகிறார்கள்.

16 வயதில் கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கு உரிமம் பெறலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த வண்டி எந்த ஷோரூமில் இருக்கிறது? டிவிஎஸ் எக்ஸ்எல்லே 100 சிசியை ஒட்டி வந்துவிட்டது. பயிற்சி பெற்று, முறைப்படி ஓட்ட ஒரு வழியையும் திறக்காமல், பிடிபட்டால் 25 வரை தடை என்பது முறையில்லை.

மோதி உயிர் போனாலோ, குடித்துவிட்டு ஓட்டினாலோ 25 வயது வரை தடை இருக்கட்டும். உரிமம் இல்லாமல் ஓட்டியது மட்டுமே குற்றம் என்றால், 18-க்குப் பிறகு ஓராண்டு தள்ளிப் போடுங்கள், கட்டாயப் பயிற்சி கொடுங்கள். நீதிமன்றத்துக்குக் கூட்டவும் குறைக்கவும் அதிகாரம் கொடுங்கள். ஆனால் ஆர்.சி. ரத்தை மட்டும் விடாதீர்கள். கடனில் வாங்கிய வண்டி 12 மாதம் திண்ணையில் நின்றால், மறுபடி சாவியைக் கொடுக்க எந்த அப்பாவும் யோசிப்பார்.