சின்னத்தைப் பார்த்துக் குத்துகிற சனம்

“நம்ம சனத்துக்கு ஆள் யாருன்னெல்லாம் தெரியாது சார், சின்னத்தைப் பார்த்துக் குத்திட்டுப் போயிரும்.” தேர்தல் நெருங்கினால் இதைச் சொல்ல ஒருவர் எங்கிருந்தாவது வந்துவிடுவார். சொல்கிறவர் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர், செய்தித்தாளை வரி விடாமல் வாசிப்பவர். படத்தைப் பார்த்து ஓட்டுப் போடுவது அறியாமை, கொள்கையைப் பார்த்துப் போடுவது அறிவு என்பது அவர் கணக்கு. எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு கிடையாது. ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுமை இருப்பவர்கள் படிக்கலாம்.

தொடக்கம் அவர் சொல்கிற மாதிரிதான். 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல். நாட்டின் எழுத்தறிவு ஏறக்குறைய 18 விழுக்காடு. தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சுகுமார் சென், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பெட்டி, பெட்டியின் மேல் அவருடைய சின்னம் என்று ஏற்பாடு செய்தார். சீட்டில் முத்திரை குத்துகிற வேலைகூட இல்லை, பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். 1957இலும் இதே முறைதான். எழுத்து தெரியாதவருக்கான வழி என்பது மட்டும்தான் சின்னத்தின் வேலை என்றால், இந்நேரம் அது காலாவதியாகி இருக்க வேண்டும். இன்று பெரும்பாலோர் பெயரை வாசித்துவிடுவார்கள். 2015இலிருந்து வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் படமே இருக்கிறது. இருந்தும் சின்னத்துக்காகக் கட்சிகள் உச்ச நீதிமன்றம் வரை போகின்றன. அப்படியானால் அது வேறு ஏதோ வேலையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இரட்டை இலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்குகிறார். 1973இல் திண்டுக்கல் இடைத்தேர்தல். புதுக் கட்சி, கையில் சின்னம் இல்லை. வேட்பாளர் மாயத்தேவர், யாருக்கும் ஒதுக்கப்படாத சின்னங்களின் பட்டியலிலிருந்து எடுத்தது இரட்டை இலை. அவ்வளவுதான் அதன் பூர்வீகம். அந்த இலைக்குப் பின்னால் எந்தத் தத்துவமும் அன்றைக்கு இல்லை. எங்கள் அப்பத்தாவுக்கு அதெல்லாம் தெரியாது, தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார். அவருக்கு அது “எம்சியார் எலை”. வாசல் கோலத்தில் அதைப் போட்டால் எதிர்வீட்டு அம்மா மறுநாள் உதயசூரியனைப் போடுவார். தேர்தல் முடியும்வரை தெருவே பார்த்து ரசித்த சண்டை அது. வெளிமாநிலத்துப் புகைப்படக்காரர் ஒருவர், இரண்டு விரலைத் தூக்கிக் காட்டும் கூட்டத்தைப் பார்த்து வெற்றிக் குறி என்று எழுதிக்கொள்வார். இங்கே ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும், அது இலை. ஐந்து விரலை விரித்தால் சூரியன். (காங்கிரஸ் கூட்டணியில் இருக்கும்போது அது கையா சூரியனா என்று கேட்டால் இரண்டும் என்பார்கள். ரொம்ப வசதி.)

இதெல்லாம் இப்போது வந்த பழக்கம் என்று நினைத்தால் தொல்காப்பியத்தின் புறத்திணையியலைப் புரட்டிப் பார்க்க வேண்டும். போர்க்களத்தில் எந்த வேந்தனின் படை எது என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சூடிய பூக்கள் என்று மூன்றைச் சொல்கிறார் தொல்காப்பியர்: சேரனுக்குப் பனை, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. அடையாளம் தெரிவதற்காக என்று காரணத்தையும் அவரே கொடுத்துவிடுகிறார். சுகுமார் சென் பெட்டியில் ஒட்டியதும் அதற்காகத்தான். போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிப் பூ வேறு இருந்தது. எதிரியின் மாட்டு மந்தையை, அதாவது ஆநிரையை, கவரப் போகிறவனுக்கு வெட்சி, மீட்கப் போகிறவனுக்குக் கரந்தை, கோட்டையைக் காப்பவனுக்கு நொச்சி, நேருக்கு நேர் மோதுகிறவனுக்குத் தும்பை, வென்றவனுக்கு வாகை. தலையைப் பார்த்தால் போதும், ஆள் என்ன காரியமாகப் போகிறான் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

ஒரே பூவை இரண்டு பேர் சூடிக்கொண்டு எதிரெதிரே நின்றால்? அதுவும் நடந்திருக்கிறது. சோழர் குடியிலேயே நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதிக்கொள்ள, உறையூரில் அடைபட்டுக் கிடக்கிறான் நெடுங்கிள்ளி. அங்கே போய்ப் பேசுகிறார் கோவூர்கிழார். புறநானூற்றின் 45ஆம் பாட்டு. உன்னோடு பொருகிறவன் பனந்தோடு சூடியவன் இல்லை, வேம்பு சூடியவனும் இல்லை. உன் தலையில் சூடிய கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி, இரண்டு பேரும் ஜெயிப்பது நடக்கிற காரியமும் இல்லை. உங்கள் சண்டை உங்களைப் போன்ற மற்ற வேந்தர்களுக்குத்தான் உடம்பு பூரிக்கிற சந்தோஷம். நான் வாசித்தவற்றில் இதைவிடச் சிறந்த அரசியல் கட்டுரை குறைவு. முழுவதும் பூவை வைத்தே பேசுகிறார் மனுஷர்.

இந்தப் பாட்டை 1989 சட்டமன்றத் தேர்தல் நேரத்தில் யாராவது மேடையில் சொன்னார்களா தெரியாது, சொல்லியிருக்கலாம். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு கட்சி இரண்டாக, இரண்டு பேருக்கும் இரட்டை இலை வேண்டும். ஆணையம் முடக்கிவிட்டது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. சேவலுக்கு 27 இடம் கிடைத்தது, புறா கிட்டத்தட்டத் துடைத்தெறியப்பட்டது. மற்ற வேந்தருக்கு வந்த பூரிப்பு என்னவென்றால், 13 ஆண்டுகளுக்குப் பிறகு தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. கோவூர்கிழார் சொன்னது அப்படியே பலித்தது. அதற்கு முன்பே காங்கிரஸ் உடைந்தபோது, 1971 தேர்தலில் இரட்டைக் காளை இரு தரப்புக்கும் கிடைக்கவில்லை. இந்திராவுக்குப் பசுவும் கன்றும், காமராஜர் இருந்த தரப்புக்கு ராட்டை நூற்கும் பெண். ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு கட்சி மறுபடி உடைய, 2017இல் மறுபடி இரட்டை இலை முடக்கம். பன்னீர்செல்வம் தரப்பு இரட்டை விளக்கு மின்கம்பத்தைக் கேட்டு வாங்கியது. இரண்டு விளக்கும் இரண்டு பக்கம் தொங்க, எட்டத்திலிருந்து பார்த்தால் இலை மாதிரியே இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல யோசனை.

இங்கேதான் நம் படித்த நண்பரின் வாதம் உடைகிறது. அதே 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல். ஜெயலலிதா நின்று ஜெயித்த தொகுதி. இரட்டை இலை அதற்குள் மீண்டு வந்து, ஆளுங்கட்சியின் கையில் பத்திரமாக இருக்கிறது. எதிரே, கட்சியிலிருந்து பிரிந்து நின்ற தினகரனுக்குக் கிடைத்தது குக்கர். 40,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் குக்கர் ஜெயித்தது. பணம் பேசியது என்பார்கள். பேசியிருக்கலாம், அதே தொகுதியில் ஏப்ரலில் நடக்க இருந்த தேர்தலைப் பணப் பட்டுவாடாவுக்காகத்தான் ஆணையம் ரத்து செய்தது. ஆனாலும் ஒன்று மறுக்க முடியாது: இரட்டை இலையை அத்தனை நெருக்கமாக அறிந்த சனம், அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு குத்தவில்லை. சரி, இனி குக்கர்தான் மந்திரம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2021இல் அதே குக்கருக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை.

அப்படியானால் பொருள் எங்கே இருக்கிறது? படத்தில் இல்லை. இதை அரசியல் நிபுணர்களைவிட ஒரு பாட்டு அழகாகச் சொல்கிறது, அதுவும் புறநானூறுதான், 271. வெறிபாடிய காமக்கண்ணியார் பாடியது. நொச்சித் தழையை இளம்பெண்கள் இடையில் உடுத்தியிருப்பதைப் பார்த்திருக்கிறேன், இன்று அதே நொச்சியைச் சூடிப் போரிட்டவன் விழுந்து கிடக்கிறான் என்கிறார். குருதியில் தோய்ந்து உருவம் மாறிப்போன அந்தத் தழையை, ஊன் துண்டு என்று நினைத்துப் பருந்து தூக்கிக்கொண்டு பறக்கிறது. எட்டே எட்டு அடிதான் பாட்டு. ஒரே இலை பெண்களுக்கு அழகு, வீரனுக்குக் கோட்டையைக் காப்பேன் என்ற வாக்கு, பருந்துக்கு இறைச்சி. பருந்தைக் குறை சொல்ல முடியாது. அந்த ஊரில் பிறந்து, அந்தக் கோட்டைக்குள் வாழ்ந்து, அந்தப் பூவைச் சூடியவர்களைப் பார்த்து வளர்ந்திருந்தால்தானே அதற்கு அது நொச்சி?

சின்னத்தைச் சுமக்கிற கூட்டம்தான் பொருளைத் தருகிறது என்பது என் கட்சி. அதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. நாம் தமிழர் கட்சி 2019இல் கரும்பு விவசாயி சின்னத்தில் நின்றது. 2024இல் அந்தச் சின்னம் வேறொரு கட்சிக்குப் போய்விட, கிடைத்தது ஒலிவாங்கி. தொலைந்தார்கள் என்று பலர் எழுதினார்கள். வாக்கு ஏறக்குறைய 4 விழுக்காட்டிலிருந்து 8க்கு மேல் போனது. அந்த அரசியலோடு எனக்கு நிறைய மாறுபாடு உண்டு, அது வேறு கதை. ஆனால் படம் மாறியும் சுமந்தவர்கள் கலையவில்லை.

சுமக்கிறவர்கள் யார் என்பது எதிரிக்கும் தெரியும் என்பதுதான் இதில் கசப்பான பகுதி. 2019இல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தலைவர் திருமாவளவன் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்றார். வாக்குப்பதிவு நாளன்று அதே தொகுதியைச் சேர்ந்த பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தெருவில் பானையைப் போட்டு உடைத்ததில்தான் அது தொடங்கியது என்று பத்திரிகைகளில் படித்தோம். மண்பானை எல்லார் வீட்டிலும் இருக்கிறது, பொங்கலுக்கு எல்லாரும் அதில்தான் வைக்கிறோம். அன்றைக்கு அந்தத் தெருவில் அது யாருடைய பானை என்பது உடைத்தவருக்கும் தெரியும், பார்த்தவருக்கும் தெரியும்.

இதனால்தான் கூட்டணிப் பேச்சுவார்த்தையில் சிறிய கட்சிகள் “உங்கள் சின்னத்திலேயே நின்றுகொள்கிறோம்” என்று இறங்கிப் போகும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. பெரிய கட்சியின் சின்னத்தில் நின்றால் ஜெயிப்பது சுலபம் என்பது உண்மை. ஆனால் சட்டக் கணக்கில் அந்த உறுப்பினர் பெரிய கட்சிக்காரர். சின்னக் கட்சியின் தொண்டன் ஊரெல்லாம் அடுத்தவர் சூரியனையோ இலையையோ வரைந்துவிட்டு வருகிறான், அவன் வியர்வைக்குப் பொருள் வேறு வீட்டில் சேர்கிறது. இடம் எத்தனை என்று பேசுவதற்கு முன்னால் சின்னம் எது என்று பேசி முடிக்க வேண்டும். இரண்டு இடம் குறைந்தாலும் பரவாயில்லை.

நடக்காத காரியம் என்பவர்கள் அதே 2019 கணக்கைப் பார்க்கலாம். விழுப்புரத்தில் அதே விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் ரவிக்குமார் உதயசூரியனில் நின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். சிதம்பரத்தில் பானை 3,219 வாக்கில் தப்பிப் பிழைத்தது, வாக்கு எண்ணிக்கை நள்ளிரவைத் தாண்டி இழுத்தது. பானையைக் கைவிட அதைவிட நல்ல காரணம் வேண்டுமா? 2024இல் இரண்டு பேரும் பானையிலேயே நின்றார்கள். இரண்டு பேரும் ஜெயித்தார்கள், சிதம்பரத்தில் வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியது.