பேலா லுகோசி: சங்கத்துக்காரரை விட்டுவிட்டீர்களே

ரத்தக்காட்டேரி டிராகுலாவாக நடித்துப் புகழ்பெற்ற ஹங்கேரிய நடிகர் பேலா லுகோசியைப் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் அவரை "டிராகுலா உடையில் சிக்கிக்கொண்ட பாவப்பட்ட மனிதர்" என்று மட்டும் காட்டியதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் ஹங்கேரியை விட்டு ஏன் கிளம்பினார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லையே! 1919 புரட்சியின்போது நடிகர்களுக்குச் சங்கம் அமைத்தவர்களில் அவர் முக்கியமானவர். அந்தப் புரட்சியில் வந்த கம்யூனிஸ்ட் தலைவர் பேலா குன்னின் ஆட்சி கவிழ்ந்ததும், லுகோசி உயிருக்குப் பயந்து வியன்னாவுக்கு ஓடினார். அப்புறம் ஜெர்மனி, 1920 கடைசியில் அமெரிக்கா. அங்கே போயும் அந்தக் குணம் போகவில்லை. 1933-இல் ஹாலிவுட்டில் திரைப்பட நடிகர் சங்கம் தொடங்கியபோது ஆரம்ப உறுப்பினர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் தன் சம்பளத்தில் கோட்டைவிட்டார். 1927-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் டிராகுலாவாகப் பெயர் வாங்கியவர், 1931 படத்தில் அதே வேடம் கிடைத்தால் போதும் என்று வாரம் 500 டாலருக்கு ஒத்துக்கொண்டார். படம் ஓடியது, லாபம் ஸ்டுடியோவுக்கு. அந்த ஹங்கேரிய உச்சரிப்புதான் டிராகுலாவின் குரலாகவே ஆகிப்போனது. மற்ற வேடங்களுக்கு அதுவே தடை.

இன்னொன்று, முழுநீளப் படங்களில் அவர் டிராகுலாவாக வந்தது இரண்டே முறை: 1931, அப்புறம் 1948-இல் ஒரு நகைச்சுவைப் படம். நடிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் 1939-இல் வந்த 'சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' பாருங்கள். கழுத்து முறிந்த ஈகோர் என்ற பாத்திரமாக வந்து, அதில் ஃபிராங்கன்ஸ்டைனின் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃபையே ஓரங்கட்டியிருப்பார்.