சிரித்துப் பேசுவது வேறு, வீட்டுச் சாவி கொடுப்பது வேறு

டோக்கியோவில் சனிக்கிழமை நடந்த நம் நிகழ்ச்சியில் அந்த விருந்தினர் பேசியதைப் பற்றித்தான் எழுதுகிறேன். யார் என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். அன்று ராத்திரியே பாதிப் பேர் அதைப் பகிர்ந்தும் விட்டீர்கள். "ஒசாகாவில் மனிதர்கள் இருக்கிறார்கள், டோக்கியோவில் இயந்திரங்கள்தான் இருக்கின்றன." பத்து நாள் சுற்றிப் பார்க்க வந்தவர் சொன்னார், வருடக்கணக்கில் டோக்கியோவில் பிழைக்கிற நாம் கைதட்டினோம். நான் தட்டவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை.

ஒசாகாவில் நான்கு வருடம் இருந்தேன். டோக்கியோவில் இது ஏழாவது வருடம். ஒசாகாக்காரர்கள் கலகலப்பானவர்கள் என்பதை நான் மறுக்கவே மாட்டேன். ரயிலில் பக்கத்து இருக்கைப் பாட்டி தானாகவே பேச்சுக் கொடுப்பார். காய்கறிக் கடைக்காரர் முகம் ஞாபகம் வைத்திருந்து விசாரிப்பார். சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் ஒசாகாவின் டோதன்போரியில் பத்து நாள் நடந்திருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் சிரித்துப் பேசுவது வேறு, வீட்டுச் சாவியைக் கையில் கொடுப்பது வேறு.

இரண்டாம் வருடம், மகள் பிறக்கப் போகிறாள் என்று கொஞ்சம் பெரிய வீடு தேடினோம். தரகர் எங்கள் முன்னாலேயே வீட்டுக்காரர்களுக்குப் போன் போடுவார். வேலை, சம்பளம் எல்லாம் உற்சாகமாகச் சொல்வார். கடைசியில் 'கைகோகுஜின்', அதாவது வெளிநாட்டவர், என்ற சொல் வரும். அதோடு அவர் குரல் இறங்கிவிடும். இப்படி ஒன்பது வீடு. ஒரு வீட்டுக்காரம்மா எங்களை நேரில் பார்த்து, இந்தியச் சாப்பாடு ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினார். மறுநாள் தரகர் மூலமாகப் பதில் வந்தது: மசாலா வாசனை சுவரில் ஏறிவிடுமாம், முடியாதாம். ஏழு மாத வயிற்றோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். கடைசியில் என் கணவரின் நிறுவனம் தன் பெயரில் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் ஒரு பழைய கட்டடத்தில் இடம் கிடைத்தது. ஒசாகாவின் மனிதத்தன்மையைப் பற்றி யாராவது மேடையில் பேசினால் எனக்கு அந்த பெஞ்சுதான் ஞாபகம் வருகிறது.

"டோக்கியோவில் மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தார்களா?" இல்லை. இங்கேயும் மூன்று வீட்டில் மறுத்தார்கள். 2017இல் ஜப்பான் நீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 39 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். நாடு முழுக்க இதுதான் நிலைமை. ஆனால் டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷிகசாயில் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் இருந்தார்கள். துவரம்பருப்பு வாங்கப் போன கடையில் ஒரு அக்கா, "யூஆர் வீடு பாரும்மா" என்றார். யூஆர் என்றால் அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்பு. ஜாமீன் கையெழுத்து வேண்டாம், வீட்டுக்காரருக்கு 'ரெய்கின்' என்று திரும்பி வராத பணம் வேண்டாம், விசாவும் வருமானமும் சரியாக இருந்தால் போதும். சாவி கொடுத்த அலுவலர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அந்தச் சாவிக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

சரி, யூஆர் ஒசாகாவிலும் உண்டே என்பீர்கள். உண்டு. நான்கு வருடத்தில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. அவ்வளவு பேர் சிரித்துப் பேசினார்களே, ஒருவர்கூட!

வேலையும் அப்படித்தான். ஒசாகாவில் வாடகை குறைவு, கூட்டம் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். இங்கே நான் தினமும் தோசாய் ரயில் லைனில் நசுங்கித்தான் போகிறேன். 2019இல் கிபா, மொன்சென் நகாச்சோ ஸ்டேஷன்களுக்கு நடுவே காலை நெரிசல் 199 சதவீதம், அதாவது ரயில் கொள்ளளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கூட்டம். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு ஒசாகாவில் வேலை தேடியபோது என் ஜப்பானிய மொழியைத்தான் எடை போட்டார்கள், நான் எழுதிய கணினி நிரலை யாரும் பார்க்கவில்லை. டோக்கியோவில் முதல் நேர்காணலிலேயே நிரலைப் பார்த்தார்கள்.

"மொழியைக் கற்றுக்கொள்ளாமல் குறை சொல்லாதே" என்று எழுதப் போகிறவர்களுக்கு: ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 நிலை தேறியவள் நான். அவர்கள் மறுப்பதைப் புரிந்துகொள்கிற அளவுக்கு மொழி தெரிந்திருந்ததுதான் கூடுதலாக வலித்தது. சென்னையில் சாதியும் அசைவமும் கேட்டு வீடு மறுப்பதில்லையா என்று கேட்பவர்களுக்கு: மறுக்கிறார்கள், அதுவும் அநியாயம். அதைச் சொல்லி இதை மூடாதீர்கள்.

ஒசாகாமீது எனக்கு வெறுப்பு கிடையாது. வெறுப்புப் பேச்சுக்கு எதிராக நாட்டிலேயே முதன்முதலில், 2016இல், விதி கொண்டுவந்தது ஒசாகா மாநகராட்சிதான். கிளம்பின அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒசாகாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், டோக்கியோவில் 50. எங்கள் பழைய மைக்ரோவேவ் இங்கே ஓடாது என்பதால் கீழ்வீட்டுப் பாட்டியிடம் கொடுத்தோம். அவர் என் மகள் கையில் ஒரு டப்பா நிறைய மிட்டாய் வைத்து, 'அமே சான், அமே சான்' (மிட்டாய்க்கு ஒசாகாக்காரர்களின் செல்லப்பெயர்) என்று கொஞ்சினார். லாரி திருப்பம் தாண்டும்வரை கையசைத்துக்கொண்டே நின்றார். அந்த டப்பாவில்தான் இன்றும் கடுகு போட்டு வைத்திருக்கிறேன்.

அந்தப் பாட்டிக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்து, நான் போய் வாடகைக்குக் கேட்டிருந்தால், கொடுத்திருப்பாரா? ஒவ்வொரு தடவை தாளிக்கும்போதும் இந்தக் கேள்வி வருகிறது. கொடுத்திருப்பார் என்று நம்பத்தான் ஆசை.