கடிதத்தில் இருக்கும் சம்பளக் கணக்கைப் படியுங்கள்

கலிபோர்னியாவில் வேலை போன நம் ஆட்கள் பலர், அன்எம்ப்ளாய்மென்ட் (வேலை இழந்தவர்களுக்கு மாநில அரசு வாராவாரம் தரும் காப்பீட்டுப் பணம்) கடிதம் வந்ததும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். போன வருடம் மே மாதம் என் தங்கையும் அதைத்தான் செய்தாள். வாரம் 200 டாலர் என்று போட்டிருந்தது. "கிடைச்ச வரைக்கும் போதும்க்கா" என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன். காலாண்டு வாரியாகச் சம்பளக் கணக்கு இருந்தது, அதில் கடைசி இரண்டு காலாண்டுக்கும் பூஜ்யம். ஜூலையிலிருந்து ஒரு மளிகைக் கடையில் கால் கடுக்க நின்றவளுக்குப் பூஜ்யம்!

மே மாதம் விண்ணப்பித்தால் அதற்கு முந்தைய வருடத்தின் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நான்கு காலாண்டுகளைத்தான் எடுப்பார்கள். அதில் அதிகம் சம்பாதித்த காலாண்டை 26-ஆல் வகுத்தால் ஏறக்குறைய வாரத் தொகை வந்துவிடும், உச்சவரம்பு 450 டாலர் (2005இலிருந்து அதே 450தான், வாடகை எங்கே போய்விட்டது!). முதல் ஆறு மாதம் டேகேரில் இருந்தபோது அவளுக்குக் காலாண்டுக்கு 5,200. கடையில் 7,800. அந்த 7,800 கணக்கில் இருந்திருந்தால் வாரம் 300. 26 வாரத்துக்கு 2,600 டாலர் வித்தியாசம்.

கடைக்காரர் தொழிலாளிக்குத் தரும் சம்பளப் படிவமான டபிள்யூ-2 தராமல், சுயதொழில் செய்பவர்களுக்குத் தரும் 1099 படிவம் கொடுத்து அவளைக் 'கான்ட்ராக்டர்' ஆக்கியிருந்தார். அன்எம்ப்ளாய்மென்ட் பணத்துக்கான வரியைக் கட்டுவது முதலாளிதான், நம் சம்பளத்தில் பிடிப்பதில்லை. ஆளைக் கான்ட்ராக்டர் என்று எழுதிவிட்டால் அந்த வரி மிச்சம். ஆனால் எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த கவுன்டரில் நிற்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கடையே சொல்கிறது, இதில் அவள் எப்படிச் சுயதொழில் செய்பவள்? 2020இல் அமலுக்கு வந்த ஏபி 5 என்ற கலிபோர்னியா சட்டப்படி வேலை செய்பவர் தொழிலாளி என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது முதலாளி பொறுப்பு. வங்கியில் சம்பளம் விழுந்த பக்கங்கள், வாட்ஸ்அப்பில் வந்த ஷிப்ட் அட்டவணை எல்லாவற்றையும் சேர்த்து, சம்பளம் விட்டுப்போயிருக்கிறது என்று கடிதம் அனுப்பிய அரசுத் துறைக்கே 30 நாளுக்குள் எழுதி அனுப்பினோம். தொகை 300 ஆனது.

அப்புறம்தான் அடுத்த அடி. அவளாகவே வேலையை விட்டுவிட்டாள் என்று கடையில் சொல்லிவிட்டார்கள், பணம் கிடையாது என்று கடிதம். "சர்க்கார் காசுக்கு எதுக்கு இவ்வளவு சண்டை, விடு" என்று அழுதாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. இது யாரும் போடும் பிச்சை இல்லை, அவள் உழைப்பின் பேரில் முதலாளி கட்ட வேண்டிய காப்பீடு.

அப்பீலுக்கும் 30 நாள்தான். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை, அதில் அச்சடித்திருக்கும் அஞ்சல் தேதியிலிருந்து எண்ணுங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. நீதிபதி என்றதும் பயந்தாள், ஆனால் விசாரணை போனில்தான் நடந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் இலவசமாக ஏற்பாடு செய்கிறார்கள், அரைகுறை ஆங்கிலத்தில் தடுமாற வேண்டியதில்லை. கடைசி நாளில் யார் என்ன சொன்னார்கள் என்பதைத்தான் நீதிபதி திரும்பத் திரும்பக் கேட்டார். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று மேனேஜர் அனுப்பிய மெசேஜ் அவளிடம் இருந்தது, அதை முன்பே அனுப்பியிருந்தோம். தீர்ப்பு அவள் பக்கம். தோற்றிருந்தாலும் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக இன்னொரு 30 நாள் உண்டு.

நமக்குச் சாதகமாக முடிவு வந்தபின் முதலாளி அப்பீல் போனால் பணம் நின்றுவிடுமோ என்று சிலர் கேட்கிறார்கள். முதலாளி அப்பீல் போட்டார் என்பதற்காக மட்டும் பணத்தை நிறுத்தக் கூடாது என்று 1971லேயே ஜாவா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதே கலிபோர்னியாவிலிருந்து போன வழக்குதான் அது.

இன்னொன்று. அப்பீல் நடக்கும்போது பணம் வராவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சர்டிஃபை செய்வதை (இன்னும் வேலை இல்லை, தேடுகிறேன் என்று உறுதி சொல்வதை) விட்டுவிடாதீர்கள். தங்கை வெறுத்துப்போய் நிறுத்தப் பார்த்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வைத்தேன். தீர்ப்பு வந்தபின் அந்த வாரங்களின் பணம் மொத்தமாக வந்தது.